நண்டுக்காரருக்கும் மற்ற எல்லோருக்கும்

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நிற்கும் எங்கள் கலங்கரை விளக்கத்தில் ஏணி மறுபடியும் ஏறிவிட்டது. கடைசி போல்ட்டை முறுக்கியபோது கீழே படகில் இருந்தவர்கள் போட்ட கூச்சல் மேரிலாந்துக் கரை வரை கேட்டிருக்கும். பனிக்கட்டி வந்து பழைய ஏணியைப் பெயர்த்த அந்த வாரத்தைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நேராக நன்றிக்கு வருகிறேன்.

அடித்தளத்தைச் சுற்றி மணல் அரித்திருக்கிறதா என்று குளிர்நீரில் மூழ்கிப் பார்த்தவர்கள், கூலி வாங்க மறுத்த வெல்டர், படகுத்துறையில் இடம் கொடுத்தவர்கள், பெயர் சொல்லாமல் பணம் அனுப்பியவர்கள், விளக்கைக் காத்தவர்களின் பழைய படங்களைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துத் தந்த குடும்பம்: அனைவருக்கும் நானும் என் கணவரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். பெயரைப் போட்டால் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று மிரட்டியிருக்கிறார். ஆகவே நண்டுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

கடலுக்குள் நிற்கும் கலங்கரை விளக்கத்துக்கு உதவ வருகிறவர்கள் எதையாவது கொண்டுவருவார்கள். எடுத்துப்போக யாரும் வருவதில்லை. பல ஆண்டுப் பறவை எச்சம், வார்ப்பிரும்பிலிருந்து செதில் செதிலாக உதிர்ந்த துரு, உளுத்த தரைப்பலகை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கப்பியில் இறக்க வேண்டும். எங்கள் சின்னப் படகு கொஞ்சம்தான் தாங்கும். மேல்தளத்தில் கால் வைக்க இடமில்லாமல் மூட்டைகள் குவிந்து கிடந்தபோது, நண்டுக் கூண்டுகளைத் தூக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த நண்டுக்காரர் எங்களுக்கு நேர் கீழே படகை நிறுத்தினார். “இன்றைக்கு நண்டு இல்லை, இடம் இருக்கிறது. அந்தக் குப்பையை இறக்குங்கள்!” பிறகு நண்டு கிடைத்த நாட்களிலும் வந்தார். கூண்டில் வைக்கும் இரைமீனும் பறவை எச்சமும் சேர்ந்த அந்த வாடையைப் பற்றி அவர் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது. (ஈயம் கலந்த பழைய பெயிண்ட்டை அவரிடம் கொடுக்கவில்லை. அது மூடிய பீப்பாய்களில், உரிமம் பெற்றவர்கள் வழியாகத்தான் போகிறது. கவலைப்பட்டுக் கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன்.)

ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டோம். ஷார்ப்ஸ் தீவுக் கலங்கரை விளக்கத்தைக் காட்டினார். 1881இல் அங்கே இருந்த மரவீட்டைப் பனிக்கட்டி பெயர்த்து, உள்ளே காவலர்கள் இருக்கும்போதே செசபீக் விரிகுடாவில் மிதக்கவிட்டது. அவர்கள் பிழைத்தது அதிர்ஷ்டம். அடுத்த ஆண்டு கட்டிய இரும்புக் கோபுரத்தையும் 1977இல் பனி சாய்த்துவிட்டது; இன்றும் சாய்ந்தேதான் நிற்கிறது. “அதைத் தினமும் பார்த்துக்கொண்டு போகிறவனிடம் இந்தக் கேள்வியா?” என்றார்.

பழைய கலங்கரை விளக்கங்களைப் பாதுகாக்க அமெரிக்கா கொண்டுவந்த 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இலவசமாகக் கொடுத்தும் ஏற்க எந்த அமைப்பும் முன்வராததால்தான் இந்தக் கோபுரம் ஏலத்துக்கு வந்து எங்கள் கைக்குக் கிடைத்தது. விளக்கொளி கடலோரக் காவல் படையின் பொறுப்பு. இரும்பும் துருவும் எங்களுடையவை. பத்திரத்தில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. தினமும் அதைப் பார்த்துத் திசை பிடிக்கிறவர்களுக்கும் அதில் பாத்தியதை உண்டு என்பது இப்போது எங்களுக்குத் தெரியும்.

புதிய ஏணிக்குப் பக்கத்தில் படகு கட்ட ஒரு வளையம் பொருத்துகிறோம். மூடுபனியோ, எஞ்சின் கோளாறோ, எந்த நண்டுப் படகும் கேட்காமலே கட்டிக்கொள்ளலாம். நாங்கள் இருக்கும் நாட்களில் காபியும் உண்டு. மூட்டைகளும் இன்னும் இருக்கின்றன.