இரண்டு காலையும் அளந்து எழுது

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக எழுதாததற்கு உன் திட்டையெல்லாம் நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது விஷயம் வேறு. கணுக்கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்ததைப் பாலு சொல்லியிருப்பான். கட்டைப் பிரித்த இரண்டாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கிச் சூடாகிவிட்டது. பிடிப்பு என்று நினைத்து நான்கு நாள் நீவிவிட்டேன். நீவவே கூடாதாம்! உள்ளே சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், ரத்தம் உறைந்திருந்தது. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டால் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நேரே நுரையீரலில் போய் அடைக்கும், உயிரே போகலாம்.

ஸ்கேன் எடுத்தவர் முதலில் வலது காலில் கருவியை வைத்து லேசாக அழுத்தினார். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள்: ஒன்று இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனி, இன்னொன்று சிரை. தமனி அப்படியே நின்றது, சிரை மட்டும் சப்பையாக மூடிக்கொண்டது. இடது காலில், முழங்காலுக்குப் பின்னால், மூடவில்லை. மறுபடி அழுத்தினார். மூடவில்லை. அவர் வாய் திறக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். காலுக்கு வந்த ரத்தம் மேலே ஏற இதயத்தின் தள்ளல் மட்டும் போதாது, நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகிச் சிரையைப் பிழிகிறது, ஏறிய ரத்தம் இறங்காமல் வால்வுகள் தடுக்கின்றன. கையில் பார்க்கலாம்: முழங்கைக்கு மேல் துணியைக் கட்டிச் சிரை புடைத்ததும், ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, இன்னொரு விரலால் ரத்தத்தை சிரையில் அடுத்து முடிச்சுப்போல் தெரியும் வால்வைத் தாண்டி மேலே வழித்துவிடு. அந்தத் துண்டு காலியாகவே கிடக்கும். ரத்தம் சுற்றிவருகிறது என்று 1628இல் வில்லியம் ஹார்வி எழுதியபோது காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று. நான் செய்து பார்த்து அசந்துபோனேன்.

இப்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை மூன்று மாதத்துக்கு. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் எட்டிப்பார்க்கிறது, மற்றபடி நலம்.

ஆனால் நீ! நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாத தவசி. சாயங்காலம் ஒரு கால் மட்டும் கனக்கிறது என்று போன தடவை நீ சொன்னது இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு காலும் சேர்ந்து கனத்தால் இவ்வளவு பதற மாட்டேன். முழங்கால் சில்லுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே தள்ளி டேப்பை வைத்து இரண்டு கெண்டைக்காலையும் அள. 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே டாக்டர், மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அளக்கக்கூட நிற்காதே. குறைவாக இருந்தாலும் போய்க் காட்டு. இரண்டு எண்ணையும் எழுதி அனுப்பு, வேறு எதுவும் எழுதாவிட்டாலும் சரி.

உன்,
முரளி