கண் மருத்துவர் கேட்க மறந்த கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கருவிழி நோய்களை ஆராயும் பெரிய கண் ஆய்வு மையங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹார்மோன் மாற்றம் கண்ணையும் பாதிக்கும் என்று அங்கே எப்போதோ தெரிந்துவிட்ட விஷயம், நோயாளி உட்காரும் நாற்காலி வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தேன். சில மாதங்களில் கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தல். காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியை வைத்து மெல்லப் பிரித்தால்தான் கண் திறக்கும். ஒரே வருடத்தில் மூன்று முறை சொட்டுமருந்தை மாற்றினார்கள். சர்க்கரை இருக்கிறதா, எவ்வளவு நேரம் கம்ப்யூட்டர் பார்க்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். மாதவிடாய் நின்றுவிட்டதா, அதற்கு மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் சொல்லவில்லை.

சம்பந்தம் உண்டு. மாதவிடாய் நின்ற 25,665 அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2001-லேயே வெளிவந்தது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மட்டும் எடுத்தவர்களுக்குக் கண் உலர்வு நோய்க்கான வாய்ப்பு, ஹார்மோனே எடுக்காதவர்களைவிட 69 சதவீதம் அதிகம். புரோஜெஸ்டிரோனும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 29 சதவீதம். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

பாஸ்டனில் 1950-இல் தொடங்கப்பட்ட ஷெப்பன்ஸ் கண் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் சல்லிவன் பல வருடங்கள் ஆராய்ந்ததும் ஹார்மோனுக்கும் கண் உலர்வுக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தைத்தான். இமை ஓரத்தில் மெய்போமியன் சுரப்பிகள் என்று வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் சட்டென்று ஆவியாகாமல் அதன்மேல் ஆடைபோலப் படியும் எண்ணெயைச் சுரப்பவை அவைதான். அவற்றை இயக்குவதில், பெண்கள் உடலிலும் சிறிதளவு இருக்கும் ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனுக்குப் பெரிய பங்கு உண்டு. அது குறைந்தால் எண்ணெய் கெடும், கண்ணீர் சீக்கிரம் உலரும், கருவிழியின் மேல்தோல் புண்ணாகும். அவர் 2000-இல் தொடங்கிய கண்ணீர்ப்படல ஆய்வுச் சங்கம், 2017-இல் பாலினமும் ஹார்மோனும் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

கருவிழி கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் நோயும் பெரும்பாலும் பருவமெய்தும் வயதில்தான் தலைகாட்டுகிறது. சிலருக்குக் கர்ப்பகாலத்தில் வேகமெடுக்கிறது. கருவிழி ஆய்வாளர் டிமிட்ரியோஸ் கராமிகோஸின் குழு இந்த நோயாளிகளின் எச்சிலைச் சோதித்து, ஹார்மோன் அளவுகள் மாறியிருப்பதை 2016-இல் எழுதியது. எனவே கெரட்டோகோனஸ் உள்ள பெண் கருவுற்றால் கண்ணையும் அடிக்கடி பார்க்க வேண்டும் என்று யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டாமா?

கண் பரிசோதனைப் படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குக் கட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் மூன்று கட்டங்கள் சேருங்கள்: கர்ப்பமா, மாதவிடாய் நின்றதா, ஹார்மோன் மாத்திரை உண்டா. கேட்க அரை நிமிடம் ஆகாது. எனக்கு அந்தக் கேள்வி வர ஒரு வருடம் ஆனது. அதையும் கேட்டது கண் மருத்துவர் இல்லை, மகப்பேறு மருத்துவர்.

இப்படிக்கு,
ஒரு வாசகி