மூன்றாம் எண் குப்பி உனக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பலமுறை பேனாவை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வரியிலேயே நின்றுபோனேன். “சோப்பை எடுத்தால் கருகிய ரப்பர் வாடை அடிக்கிறது. ரோஜாவை முகர்ந்தால் வெறும் காற்று” என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில். பள்ளிக்கூடத்தில் உன் கண்ணைக் கட்டிவிட்டு நோட்டுப் புத்தகத்தை நீட்டுவோம். முகர்ந்து பார்த்தே இது யாருடையது என்று சொல்லிவிடுவாய், ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஒரு காய்ச்சல் வந்து போய் ஐந்து மாதமாகிறது. அந்த மூக்கு இன்னும் உனக்குத் திரும்பவில்லை என்பதை என் மனம் ஒப்பவே மாட்டேன் என்கிறது.

உன் மகள் வேலையில் சேர்ந்தது பெரிய மகிழ்ச்சி. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செய்தித்தாளை மறுபடியும் தானே படிக்கிறாள், எனக்கும் உரக்கப் படித்துக் காட்டுகிறாள்.

உன் கடிதம் வந்த அதே வாரத்தில் எனக்கு ஒரு சிறிய அட்டைப்பெட்டியும் வந்தது. வாசனைத் திரவியங்களைத் தன் வீட்டு அறையிலேயே தனியாளாகத் தயாரிக்கும் ஒருவரிடம் மாதிரிக் குப்பிகள் கேட்டிருந்தேன். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஆறு கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் 2 மில்லிலிட்டர். மேலே எண் மட்டும் ஒட்டியிருந்தது. பெயர்களையும் சேர்மானங்களையும் தனியாக ஓர் உறையில் போட்டு ஒட்டி, அதன்மேல் பேனாவால், “முதலில் முகருங்கள். எல்லாவற்றையும் முகர்ந்து முடித்த பிறகு இதைப் பிரியுங்கள்” என்று எழுதியிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்த இரண்டு வரியால்தான்.

அவர் சொன்னபடியே செய்தேன். ஒரு நாளைக்கு ஒரு குப்பிதான். காலையில் ஒரு துளியைக் காகிதப் பட்டையில் விடுவேன், இன்னொரு துளியை மணிக்கட்டில். பிறகு அரை மணிக்கு ஒருமுறை முகர்ந்து, தோன்றியதை எழுதிவைப்பேன். எழுதும்போதெல்லாம் உனக்குச் சொல்வதாகவே நினைத்து எழுதினேன். கீழே வருவதெல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

முதல் குப்பி எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறியதுபோல் பளிச்சென்று பாய்ந்தது. இருபது நிமிடத்தில் அந்தப் பாய்ச்சல் ஓய்ந்துவிட்டது. எடை குறைந்த மூலக்கூறுகள் முதலில் ஆவியாகிப் போகின்றன, கனமானவை கடைசிவரை தங்குகின்றன என்பது படித்து அறிந்ததுதான். ஆனாலும் நான்கு மணி நேரம் கழித்து அதே மணிக்கட்டில் இளஞ்சூடான மரக்கட்டையின் மணத்தை முகர்ந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. இத்தனை காலம் நான் சென்ட் வாங்கியதெல்லாம் முதல் நிமிடத்தைப் பார்த்துத்தான். வாசலில் வணக்கம் சொன்ன விதத்தை வைத்தே ஆளை எடைபோடுவதுபோல.

இரண்டாவது மல்லிகை. உறையைப் பிரிக்காமலே தெரிந்தது, ஆனால் இது கடையில் கிடைக்கும் மல்லிகை சென்டின் இனிப்பு இல்லை. இரவெல்லாம் மூடிய அறையில் இருந்த பூவின் மணம். இனிப்புக்கு அடியில் ஏதோ அழுகத் தொடங்கியதுபோல ஒரு கனம். இண்டோல் என்ற பொருள் அதற்குக் காரணம். மலத்திலும் இருக்கிற அதே பொருள்தான் மல்லிகையில் மிகக் கொஞ்சமாகக் கலந்து, அந்தப் பூவுக்கு உயிர் கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் மல்லிகை மிட்டாய் ஆகிவிடும். எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அதைக் குறைத்துவிடுகிறார்கள். இவர் துணிந்து விட்டுவைத்திருக்கிறார். பழந்தமிழில் நறுமணத்துக்கும் நாற்றம் என்றே பெயர் இருந்தது உனக்கு நினைவிருக்கும். பின்னால்தான் அந்தச் சொல்லைக் கெட்ட வாடைக்கு ஒதுக்கிவிட்டோம். அன்று மாலை மணிக்கட்டை முகர்ந்தபோது, முன்னோர் ஒரே சொல்லை வைத்திருந்தது சரிதான் என்று பட்டது.

ஐந்தாவது குப்பி வழியிலேயே கசிந்து, பாதிதான் மிஞ்சியிருந்தது. சந்தனமும் ஏதோ பாலின் மென்மையும். இதமாக இருந்தது, அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. ஆறாவது, பிர்ச் மரப்பட்டைத் தாரின் புகை; தோல் பதனிடும் இடத்துக்குள் நுழைந்ததுபோல. எனக்குத் தலைவலி வந்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் கழுவிவிட்டேன். ஆனால் அதைச் செய்தவர் யாரையும் சமாதானப்படுத்த முயலவில்லை என்பது தெரிந்தது. அதற்காகவே அவர்மீது மதிப்பு கூடியது.

நான்காம் குப்பிக்கு வருகிறேன். இதைத்தான் உனக்கு நிதானமாகச் சொல்ல வேண்டும்.

காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனேன். முகப்பவுடர்போல மென்மையான, சற்றே குளிர்ந்த ஒரு பூவின் மணம். நன்றாக இருக்கிறதே என்று இரண்டாம் முறை மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. மூன்றாம் முறையும் ஒன்றுமில்லை. வெள்ளைக் காகிதத்தை முகர்வதுபோல இருந்தது. என் நெஞ்சு ஒரு கணம் திக்கென்றது. உனக்கு நேர்ந்தது எனக்கும் நேர்கிறதோ என்று நினைத்தேன். காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து குனிந்தால், அந்தப் பூ அங்கேயே இருந்தது, முன்னைப்போலவே முழுதாக. மறுபடியும் போனது, மறுபடியும் வந்தது. அன்று முழுவதும் அப்படித்தான்.

ஆறையும் முகர்ந்து முடித்த பிறகு உறையைப் பிரித்துப் பார்த்தேன். நான்காவது, வயலட் பூ. அந்த மணத்தின் உயிர் ஐயோனோன் என்ற பொருள். 1893இல் டீமன், க்ரூகர் என்ற இரண்டு ஜெர்மன் வேதியியலாளர்கள் ஐரிஸ் என்ற பூச்செடியின் கிழங்கில் இருக்கும் வயலட் போன்ற மணத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. எலுமிச்சைப் புல்லில் இருக்கும் சிட்ரால்தான் அதற்கு மூலப்பொருள். பூவைத் தொடாமலே பூவின் மணம்! அதற்கு ஒரு வினோதமான குணம் உண்டு. முகர்ந்த சிறிது நேரத்திலேயே மூக்கு அதற்கு மரத்துவிடும், சற்று ஓய்வு கொடுத்தால் மறுபடியும் உணரும். இது நோயில்லாத மூக்கிலேயே நடப்பது. இன்னொன்றும் படித்தேன். அதில் ஒரு வகையான பீட்டா ஐயோனோன் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிவதில்லை. ஒரேயொரு மரபணுவின் வேறுபாட்டால் சிலருக்கு அது பூவாகத் தெரிகிறது, சிலருக்குப் புளிப்பு நெடியாக, சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

நம் மூக்கில் மணங்களைப் பிடித்து உணரும் ஏற்பிகள் சுமார் 400 வகை இருக்கின்றன. இத்தகைய ஏற்பிகளுக்கான மரபணுக்களை 1991இல் அமெரிக்க அறிவியலாளர்களான லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் கண்டுபிடித்தார்கள். 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த 400இல் எது யாரிடம் எப்படி வேலை செய்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆகவே நீயும் நானும் அந்தக் காலத்தில் ஒரே பூவை முகர்ந்தபோதுகூட நமக்குத் தெரிந்தது ஒரே மணமாக இருந்திருக்காது. உன் மூக்கு எப்போதும் உன்னுடையதாக மட்டுமே இருந்திருக்கிறது. அது திரும்பி வரும்போதும் தனக்கென்று ஒரு வழியில்தான் வரும். பழைய கணக்கை வைத்து அதை அளக்காதே.

நீ செய்யும் பயிற்சியை விட்டுவிடாதே. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்ற அந்த நான்கையும் காலையிலும் மாலையிலும் முகரும் முறையை 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 12 வாரம் செய்துபார்த்து வெளியிட்டார்கள். “மூன்று மாதம் செய்தாயிற்று, இனி எதற்கு” என்று கேட்டிருந்தாய். மூக்கின் மேல்கூரையில் இருக்கும் மோப்ப நரம்பணுக்கள் உடம்பின் மற்ற நரம்புகளைப்போல இல்லை. வாழ்நாள் முழுவதும் பழையவை உதிர்ந்து புதியவை முளைத்துக்கொண்டே இருக்கின்றன. அப்படிப் புதிதாக முளைத்த இழைகள் மூளையில் தமக்குரிய இடத்தை இன்னும் சேராததால்தான் மணங்கள் திரிந்து தெரிகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் கருகிய ரப்பர் வாடையை நினைத்து நீ அழுததாக எழுதியிருந்தாய். வெறும் காற்றைவிட அது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே ஏதோ முளைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது மூன்றாம் குப்பி.

காலை ஏழு மணிக்குக் காகிதத்தில் விட்டேன். முதலில் பச்சைப் புல்லும் சற்றுக் கசப்பும். பத்து மணிக்கு அது இறங்கி, புகை படிந்த மரம்போல ஆனது. மதியம் மறந்தே போனேன். மாலை ஆறு மணிக்கு விளக்கைப் போட மேஜைப் பக்கம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். காய்ந்து கிடந்த மண்ணில் முதல் நான்கு துளி விழுந்தால் எழுமே, அந்த மணம். அறையில் யாரோ நிற்பதுபோல இருந்தது. காகிதத்தைத் தொட்டுப் பார்த்தேன், எலும்புபோல உலர்ந்திருந்தது.

உறைக்குள் இருந்த தாளில் முதல் பெயரே வெட்டிவேர். பிரெஞ்சுக்காரர்கள் உட்படப் பல நாட்டு வாசனைக் கலைஞர்களும் அதை நம் சொல்லிலிருந்து போன பெயராலேயே அழைக்கிறார்கள். இன்று அந்த எண்ணெய் மிக அதிகமாக ஹைட்டியில் தயாராகிறது. ஆனாலும் பெயர் தமிழாகவே நிற்கிறது. வேர் மண்ணுக்குள் மீட்டர் கணக்கில் இறங்கிப் போவது. எண்ணெயும் அதேபோலக் கெட்டியானது, அவசரப்படாதது. அந்தக் காகிதம் ஒன்பது நாள் கழித்து இன்றைக்கும் மணக்கிறது. அதனுடன் ஜியோஸ்மின் ஒரு துளியின் துளி சேர்த்திருக்கிறார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது அது. மழை மணத்தில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. 1964இல் இரண்டு ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் மழை மணத்துக்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயரே வைத்தார்கள். உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் சுட்ட களிமண்ணைக் காய்ச்சி வடித்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி, மண்ணின் அத்தரே செய்கிறார்கள். மனிதர்கள் மழைக்காக எவ்வளவு மெனக்கெடுகிறார்கள், பார்.

அவருக்கு ஒரு கடிதம் எழுதி, ஜியோஸ்மினை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன். பதில் எழுதினார். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசில்தான் எல்லாம் நிறுப்பாராம். இதை மட்டும் அப்படியே நிறுக்க முடியாது, பலமுறை நீர்க்கச் செய்த கரைசலிலிருந்து எடுக்க வேண்டும், சற்றே கூடினாலும் மழை போய் ஈரம் பூத்த நிலவறை வந்துவிடும் என்றார். இந்த ஒன்றுக்கு நாற்பத்தேழு முறை கலந்து பார்த்திருக்கிறார். கலந்த பிறகும் ஆறு வாரம் இருட்டில் வைத்து ஊறவிடுகிறார். அடுத்த அறுவடை வேரின் எண்ணெய் வந்தால் மணம் கொஞ்சம் மாறும், அதை மறைக்கப்போவதில்லை என்றும் எழுதியிருந்தார். பெரிய நிறுவனங்கள் குப்பிக்குக் குப்பி ஒரே மணத்துக்கு உறுதி சொல்ல வேண்டியிருக்கும், அது அவர்கள் கட்டாயம். எனக்கு இந்த மாற்றமே பிடித்திருக்கிறது. வேர் வளர்ந்த வருடம் அதில் தெரிகிறதே.

அந்த மூன்றாம் குப்பியைத்தான் இத்துடன் அனுப்புகிறேன். இரண்டு துளி மட்டும் எடுத்துக்கொண்டேன், மிச்சம் அப்படியே இருக்கிறது. உடம்பில் போடாதே, தவறான வாடையாகத் தெரிந்தால் நாள் முழுக்கத் தாங்க முடியாது. காகிதத்தில் ஒரு துளி விட்டு, நீ உட்காரும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வை. குனிந்து தேடாதே. மாலையில் அந்தப் பக்கம் நடந்து போ, அவ்வளவுதான். ரப்பர் வாடை வந்தால் ரப்பர் என்று எழுது. ஒன்றும் வராவிட்டால் தேதியைப் போட்டு ஒன்றுமில்லை என்று எழுது. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு துளி. குப்பியில் குறைந்தது முப்பது துளியாவது இருக்கும்.

கசிந்த ஐந்தாம் குப்பியை நான் எழுதும் இந்தத் தாள்கட்டின்மேல்தான் வைத்திருந்தேன், அதன் ஈரம் தாளில் ஊறிவிட்டது. ஆகவே இந்தக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் சந்தனம் இருக்கிறது, கீழ் ஓரத்தில், இடது பக்கம். முன்னால் நோட்டுப் புத்தகத்தை நீட்டுவோமே, அதுபோல நினைத்துக்கொண்டு ஒருமுறை கண்ணை மூடி முகர்ந்து பார். உடனே பதில் எழுது.

என்றும் உன்,
பழைய வகுப்புத் தோழி