ஈயம் பூசுறவர் வேணும்

கானாடுகாத்தான்,
ஞாயிறு மத்தியானம்

மாப்ளே பாண்டி,

திட்டாம மேல படி. நீ செப்டம்பர்ல அனுப்பின மெசேஜுக்கு இப்பத்தான் பதில். "நாலு வந்துருச்சு, அஞ்சுல உனக்கு என்னடா வேணும்?"னு நம்ம பார்டர்லேண்ட்ஸ் துப்பாக்கி வீடியோ கேமைப் பத்திக் கேட்டிருந்தே. நாலை நீ டவுன்லோடுகூடப் பண்ணி முடிச்சிருக்க மாட்டே, அதுக்குள்ள அஞ்சு! பந்தியில உக்காந்ததுமே பாயசம் கேக்குற ஆளுதானே நீ.

அப்புறம் அப்பத்தா தவறினது, காரியம், படைப்புன்னு நாள் ஓடிருச்சு. நீ போன் பண்ணினப்ப "ம்", "சரி"யைத் தவிர நான் ஒண்ணும் பேசலை. அது உன் மேல உள்ள கோவம் இல்லடா. பேசினா அழுதுருவேன்னு பயம், அவ்வளவுதான்.

வீட்டுல எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கு. பழனியண்ணே கடையை மூடலை, மூடப்போறேன்னு சொல்றதையும் நிறுத்தலை. கணக்கு வாத்தியார் இன்னும் அதே சைக்கிள், அதே பெல்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் ரெண்டாங்கட்டு சாமான் அறையைத் திறந்தோம். ஒன்பது புள்ளி, அதாவது ஒன்பது குடும்பத்துப் பங்காளிக, பூட்டு மட்டும் மூணு. மலேசியாப் பெரியப்பா வரலை, ஆனா காலையில ஆறு மணியில இருந்து வாட்ஸப்புல குரல் மெசேஜா வந்துக்கிட்டே இருந்துச்சு. "அந்த சுவீடன் எனாமல் தூக்குல யாரும் கை வைக்காதீங்க", "பெல்ஜியம் கண்ணாடியை வெயில்ல வைக்காதீங்க". எனக்கு நம்ம ஆட்டத்து வில்லன் ஹேண்ட்சம் ஜாக் ஞாபகம் வந்து சிரிச்சுட்டேன். 2-ல நாம பனியில நடந்துக்கிட்டு இருப்போம், அந்தாளு எங்கேயோ உக்காந்து எதையோ மென்னுக்கிட்டே வைரக்குதிரை வாங்கினதைப் பத்திப் பீத்திக்குவான். கதை முடியிறவரைக்கும் காதுக்குள்ளேயே குடியிருந்தானே, அதனாலதான் அவன் மேல அவ்வளவு ஆத்திரம், அவ்வளவு பிரியம். 3-ல அந்த ரெட்டைப் புள்ளைகளும் ஓயாமத்தான் பேசுச்சுக, நான் சத்தத்தைக் குறைச்சு வெச்சேன். 4-ல டைம்கீப்பர் கொடுமைக்காரன்தான், ஆனா வம்பு பேசத் தெரியாத மனுஷன். அடுத்ததுக்கு எங்க பெரியப்பா மாதிரி ஒருத்தர் வேணும். எழுதுறவங்களுக்கு அவரோட மெசேஜை எல்லாம் நான் இலவசமாத் தர்றேன்.

(3-ல மாயாங்கிற நம்ம கதாநாயகியைக் கொன்னதைப் பத்தி நான் இன்னும் பேசத் தயாரா இல்லை. நீயும் கிளப்பாதே.)

அறைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கேக்குறியா? எல்லாமே இருந்துச்சு. அதுதான் கொடுமை. கல்யாணச் சீருக்குன்னு வந்த பித்தளைக் குடம், எவர்சில்வர் வாளி, அடுக்கு, தாம்பாளம், மரவை. ஒண்ணு ரெண்டு இல்லை, ஒவ்வொண்ணும் டஜன் கணக்குல. முதல் பத்துச் சாமானை எல்லாரும் "ஆ"ன்னு பாத்தோம். அம்பதாவது வந்தப்ப யாரும் நிமிரக்கூட இல்லை. நூறாவதை எல்லாம் சித்தப்பா காலால தள்ளினார். அங்கேயே தூண்ல சாஞ்சு உக்காந்துட்டேன் மாப்ளே. இதை நான் ஏற்கெனவே பாத்திருக்கேனேன்னு தோணுச்சு. 3-ல பாத்தது!

2-ல லெஜண்டரிங்கிற அபூர்வத் துப்பாக்கி விழுந்து ஆரஞ்சு வெளிச்சம் ஒண்ணு எழும்பினா நாம போட்ட கூச்சல்ல அப்பத்தா முகப்புல இருந்து எந்திரிச்சு வரும். 3-ல அதே ஆரஞ்சு ஆடி மாசத்துக் காத்துல வேப்பம்பழம் மாதிரி கொட்டுச்சு. குனிஞ்சு எடுக்கவே சலிப்பு. 3-க்கு நூறு கோடித் துப்பாக்கின்னு விளம்பரம் பண்ணினாங்க, 4-க்கு 3000 கோடின்னாங்க. எனக்கு நினைவுல நிக்கிறது ஏழோ எட்டோ. அவங்களுக்கும் புரிஞ்சிருக்கு, 4-ல லெஜண்டரி விழுறதைக் குறைச்சுட்டாங்க. நல்ல காரியம். ஆனா வியாதி அது மட்டும் இல்லை.

4-ல இருக்கிற அந்த லைசென்ஸ்ட் பார்ட்ஸ் எனக்குப் பிடிச்சிருக்கு, அதையும் சொல்லிடணும். ஜேக்கப்ஸ் துப்பாக்கிக்கு வேற கம்பெனிக்காரன் உறுப்பை மாட்டி வருது பாரு, அது நம்ம ஊர் வீடுதான்டா. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஜப்பான் ஓடு, ஆத்தங்குடிக் கல்லு. அதை எடுத்துடாம அடுத்ததுலயும் வெச்சுக்கட்டும்.

என் குறை வேற. இருபதாம் லெவல்ல உயிரா வெச்சிருந்த துப்பாக்கி முப்பதுல தகரமாயிடுது. அதைக் கடையில போட்டுட்டு, அதைவிட மோசமா சுடுற ஒண்ணை, நம்பர் பெருசுங்கிற ஒரே காரணத்துக்காகத் தூக்கணும். பத்து லெவலுக்கு ஒரு தடவை கல்யாணம் பண்ணிக்கிற மாதிரி இருக்கு. அப்புறம் எதுக்கு ஒரு சாமான் மேல ஆசை வைக்கணும்?

எங்க அறையில இருந்த பித்தளைப் பாத்திரத்துல பாதி எழுபது எம்பது வருஷப் பழசு. எப்படி நின்னுச்சு? ஈயம் பூசினதாலதான். சின்ன வயசுல நம்ம தெருவுக்கு வருவாரே, துருத்தியும் நவச்சாரமும் தூக்கிக்கிட்டு. குழி தோண்டி, கரி போட்டு, பாத்திரத்தைச் சுட வெச்சு, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை ஒரு துணியால உள்ளே சுத்தி ஒரு இழுப்பு. கறுத்துக் கிடந்த அண்டா நிலா மாதிரி ஆயிரும். புகை மூக்குல ஏறி நீ தும்மிக்கிட்டே வேடிக்கை பாத்தது எனக்கு மறக்கலை.

அடுத்த ஆட்டத்துல எனக்கு அந்த ஆள் வேணும். கிளாப்டிராப் ரோபோ வேண்டாம், வெடிச்சு விளையாடுற இன்னொரு சின்னப் பொண்ணும் வேண்டாம். சந்தை மூலையில துருத்தி வெச்சுக்கிட்டு ஒரு கிழவர். பழைய துப்பாக்கியைக் குடுத்தா என் லெவலுக்கு ஏத்தித் தரணும். காசு மட்டும் வாங்கக் கூடாது, கஷ்டப்பட்டுத் தேடிக் கொண்டாற மாதிரி ஏதாவது சரக்கு கேக்கணும். இல்லேன்னா எல்லாரும் ஒரே துப்பாக்கியோட கடைசி வரைக்கும் போயிருவாங்க, புதுசு தேட வேண்டிய அவசியமே இருக்காதுன்னு நீ சொல்லுவே. சரிதான். அதுக்குத்தான் ஒரு ஆளுக்கு மூணு துப்பாக்கிக்கு மேல பூச மாட்டேன்னு கிழவர் சொல்லணும். எந்த மூணுங்கிறதுலதான் விளையாட்டே இருக்கு.

இன்னொண்ணு. பங்கு எப்படிப் பிரிச்சோம் தெரியுமா? ஒன்பது குவியல், ஒன்பது சீட்டு, சின்னவளை விட்டு எடுக்கச் சொன்னோம். யாருக்கும் வருத்தமில்லை, சத்தமில்லை, பதினோரு மணிக்கு முடிஞ்சுது. 4-ல ஆளுக்காளு தனித்தனியாத் துப்பாக்கி விழுதே, அந்த மாதிரி. நியாயம்தான். ஆனா 2-ல கீழ விழுந்தது எல்லாருக்கும் பொது, முந்தினவனுக்குச் சொந்தம். சால்வடோர்ங்கிற ஆட்டக்காரனை வெச்சு ரெண்டு கையிலயும் துப்பாக்கி பிடிச்சும் பத்தாம என் காலடியில கிடந்ததையும் நீ அள்ளுவே, நான் உன்னை ஒரு அடி அடிச்சு டூயலுக்கு இழுப்பேன், பட்டாலையில ஒரே டிவியில, பாதித் திரை உனக்கு பாதி எனக்கு. 3-ல ரெண்டு வழியையும் வெச்சிருந்தாங்க. அடுத்ததுலயும் வெக்கட்டும். சண்டை போட ஆசைப்படுறவங்களுக்கு ஒரு கதவைத் திறந்து விடணும்டா.

என் குவியல்ல ஒரு அண்டா, ரெண்டு அடுக்கு, சின்னதா ஒரு செம்பு வந்துச்சு. அண்டாவை முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்காரர் அன்னைக்கே விலை கேட்டார். செம்பைத் திருப்பிப் பாத்தேன். விளிம்புல புள்ளி புள்ளியாப் பேர் வெட்டியிருக்கு. மூணு எழுத்து, அப்பத்தாவோட அப்பா இனிஷியலோட. அதுக்குக் கீழ, கொஞ்சம் கோணலா, எங்க அப்பச்சி பேரு. அதை வெட்டினது யாருன்னு அம்மாவுக்கும் தெரியலை.

நீ கோயமுத்தூர் போறதுக்கு முந்தின ராத்திரி 2-ல நக்கிள் டிராகர்ங்கிற பெரிய எதிரியை எத்தனை தடவை அடிச்சோம்? வெளியே வந்து, உள்ளே போய், திரும்ப அடிச்சு. கடைசியில ஹார்னெட் துப்பாக்கி விழுந்தப்ப நீதான் முந்தி எடுத்தே. எடுத்துட்டு என்கிட்ட போட்டுட்டே, ஒண்ணும் சொல்லாம. அதை நான் விக்கவே இல்லை. அந்த மெஷினோட டிஸ்க் செத்தப்ப அதுவும் போச்சு. போனது சாதாரண ஹார்னெட். உன் கையில இருந்து வந்ததுன்னு அதுல எங்கேயும் எழுதியில்லை. அதனால அஞ்சுல துப்பாக்கியில பேர் வெட்டுற ஒரு உளியும் வேணும். யார் எடுத்தது, யார் யாருக்குக் குடுத்ததுன்னு ரெண்டு வரி போதும்.

செம்புக்கு ஈயம் பூசணும். காரைக்குடியில விசாரிச்சேன், இப்ப யாரும் தெருவுக்கு வர்றதில்லையாம். சந்தைப்பக்கம் ஒருத்தர் இருக்கார்னு பழனியண்ணே சொல்றார், திங்கக்கிழமை போய்ப் பாக்குறேன்.

நீ பொங்கலுக்கு வர்றியா இல்லையான்னு ஒழுங்காச் சொல்லு. அந்தப் பழைய டிவி எங்க பங்குலதான் வந்திருக்கு, யாரும் கேக்கலை. ரெண்டாவது கன்ட்ரோலர் உன்கிட்ட இருக்கு, அதை இல்லைன்னு சொல்லாதே.

உன்
சொக்கு