ஆஷ்வெல் கோபுரத்துக் கீறல்கள்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. நான் விசாரித்ததாகச் சொல்.

போன சனிக்கிழமை இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டுஷயரில் ஆஷ்வெல் என்ற கிராமத்துக்குப் போயிருந்தேன். அங்கே புனித மரியாள் தேவாலயத்தின் கோபுரம் 176 அடி உயரம். கட்டடத்தின் பெரும்பகுதி 14-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதே நூற்றாண்டில்தான் கொள்ளைநோயும் வந்தது.

கோபுரத்தின் அடியில், வடக்கு உள்சுவரில் இருப்பதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நேராகப் பார்த்தால் வெறும் சுவர். கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். லத்தீன் எழுத்துகள் எழுந்து வந்தன. பெயர் தெரியாத ஒருவன் ஆண்டைக்கூடச் செய்யுளாகவே கீறியிருக்கிறான்: ஓர் ஆயிரம், மூன்று நூறு, ஐந்து பத்து. அதாவது 1350. கொடிய நோய் போய்விட்டது, சாட்சிக்கு மிஞ்சியது கடைப்பட்ட மக்களே என்கிறான். அதன்பின் 1361-இல் உலகையே அதிரவைத்த பெருங்காற்று. அது புனித மௌருஸின் திருநாளான ஜனவரி 15-இல் வீசியது. நம் கணக்கில் 1362. அன்றைய இங்கிலாந்தில் மார்ச் 25-இல்தான் ஆண்டு பிறந்தது.

சுவரெல்லாம் சாக்பீஸ் இனத்து மெதுகல். 'கிளஞ்ச்' என்று பெயர். வெளிப்புறத்தில் மழையும் பனியும் அதை அரித்துத் தின்றுவிடும். கோபுரத்துக்கு இது ஏற்ற கல்லே அல்ல. ஆனால் கருங்கல்லாக இருந்திருந்தால் சாதாரணக் கத்திமுனை இறங்கியிருக்குமா? உளி பிடித்தவன் மட்டுமே பேசியிருப்பான். இங்கே யார் யாரோ பேசியிருக்கிறார்கள். பெரிய தேவாலயம் ஒன்றை வரைந்திருக்கிறார்கள். 1666 தீயில் அழிந்த லண்டனின் பழைய செயின்ட் பால் பேராலயம் என்று கருதுகிறார்கள். ஒரு தூணில், மூலைகள் சரியாகப் பொருந்தவில்லை, காறி உமிழ்கிறேன் என்று ஒருவன் கொதித்திருக்கிறான். வேலை தெரிந்த கொத்தனாராகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் திரும்பத் திரும்ப அந்த நோய் வரியிடம்தான் போய் நின்றேன். 'பெஸ்டிஸ்' என்றால் கொள்ளைநோய், 'டெஸ்டிஸ்' என்றால் சாட்சி. வீட்டில் எத்தனை பேரைப் பறிகொடுத்தானோ, அந்த நிலையிலும் இயைபு தவறவில்லை அவனுக்கு. கல்வெட்டென்றால் சோறு தண்ணீரை மறப்பவன் நீ. படம் அனுப்பியிருக்கிறேன், உரக்கப் படித்துப் பார்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்