ஜிம்ப் மேல கோவமா இருக்குற மாப்ளைக்கு

மாப்ள,

உன் மெயில் பாத்தேன். அத்தைக்கு முட்டி வலி தேவலைன்னு படிச்சதும்தான் நிம்மதி. இங்க பெரியவ பன்னண்டாவது, வீட்ல டிவியே போடுறதில்ல.

ஜேபெக் போட்டோவ திறந்து கன்ட்ரோல் எஸ் அடிச்சா எக்ஸ்சிஎஃப்-லதான், அதாவது அதோட சொந்த ஃபைல் வகைலதான், சேவ் பண்ணுவேன்னு இந்த இலவச போட்டோ எடிட்டர் ஜிம்ப் அடம் புடிக்குதுன்னு திட்டிருந்தியே, அந்த திட்ட ஜிம்ப்காரங்க 2012-ல 2.8 வெர்ஷன் விட்டதுலேர்ந்து வாங்கிட்டு இருக்காங்கடா. அதுக்கு முன்னாடி நேரா ஜேபெக்லயே சேவ் ஆகும், ஆனா ஜேபெக்ல லேயர் (ஒண்ணு மேல ஒண்ணா தனித்தனியா அடுக்கி வைக்கிற படம்) நிக்காது, மூடிட்டு மறுநாள் திறந்தா எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு கெடக்கும். அதான் சேவ்னா முழு வேலையும், ஜேபெக் வேணும்னா எக்ஸ்போர்ட்னு பிரிச்சாங்க. நியாயம்தான், ஆனா நாள் முழுக்க பாஸ்போர்ட் போட்டோ வெட்டுற உனக்கு லேயர் எதுக்கு?

பிளெண்டர்னு இன்னொரு இலவச 3டி சாஃப்ட்வேர் இருக்குல்ல, அதுல வேற மாதிரி நடந்துச்சு. அதுல பல வருஷமா ரைட் கிளிக் பண்ணாதான் செலக்ட் ஆகும், புதுசா வர்றவன் மண்டைய பிச்சுக்குவான். 2019 ஜூலைல 2.80 வந்தப்போ லெஃப்ட்ட டீஃபால்ட் ஆக்குனாங்க, பழைய ஆளுங்களுக்கு கை பழகிப்போச்சேன்னு ரைட்டையும் விட்டு வச்சாங்க, மொத தடவ திறக்குறப்பவே எது வேணும்னு கேட்டுரும். ஆம்ஸ்டர்டாம்ல அவங்களே அனிமேஷன் படம் எடுக்குறாங்க, ஆர்ட்டிஸ்ட் எங்க முட்டிக்கிட்டு நிக்கிறான்னு கோட் எழுதுறவன் கிட்டக்கவே இருந்து பாக்குறான், அந்த வித்தியாசம்தான்னு எனக்கு தோணுது. அதுவுமில்லாம 2002-ல யூசருங்க சேத்துக் குடுத்த ஒரு லட்சம் யூரோலதான் அந்த கோடே எல்லாரும் எடுத்து மாத்திக்கிற மாதிரி ஓப்பன் ஆச்சு, நம்ம காசுங்கிற உரிமையும் இருக்கும்ல.

அதுக்காக கேக்குறதெல்லாம் குடுக்கணும்னு சொல்லல. ரெண்டு வழி வச்சா ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ரெண்டையும் டெஸ்ட் பண்ணணும், ஜிம்ப் எழுதுறதுல நெறைய பேரு ஆபீஸ் முடிச்சுட்டு ராத்திரி உக்காந்து சம்பளம் இல்லாம பண்றாங்க. நாம என்னடான்னா தானம் குடுத்த மாட்ட பல்ல புடிச்சு பாக்குறோம் (உன்னையும் சேத்துத்தான்). ஆனா நீ அதட்டுறத கண்டுக்காம, நீ ஏன் அதட்டுறன்னு ஜிம்ப்காரங்க பாத்திருந்தா, அவங்களும் கொஞ்சம் திட்டு கம்மியா வாங்கிருப்பாங்க.

உனக்கு வழி இருக்குடா, வாசல்ல போர்டுதான் வைக்கல. எடிட் மெனுல கீபோர்டு ஷார்ட்கட்ஸ் போயி கன்ட்ரோல் எஸ்ஸ ஓவர்ரைட்டுக்கு மாத்திக்கோ. ஒரிஜினல் மேலயே எழுதிரும், அதனால ஒரு காப்பி தனியா வச்சுக்க, கஸ்டமர் அப்பறம் பழைய கலரே நல்லாருக்குன்னு வந்து நிப்பான்.

அத்தைய கேட்டதா சொல்லு.