போனில் சொல்லாத பாதி

அன்பு மகளுக்கு,

போன மாதம் "வெறும் அக்கிதாம்மா, ஆறிடுச்சு" என்றேனே, அது பாதிதான். மீதியைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் உளறுவேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் வந்தது கொப்புளமே இல்லை. வலது விலாவுக்குக் கீழே எரிச்சல். சட்டை உரசினாலே சுரீரென்றது. பித்தப்பைக் கல்லாக இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. நான்காம் நாள் முதுகிலிருந்து தொப்புள் வரை, வலப்பக்கம் மட்டும், பாதி அரைஞாண் கட்டியது போலக் கொப்புளங்கள். கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது என்று அன்றே வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுத்தார்கள்.

கூத்து அதற்கப்புறம்தான். வயிறு மத்தளமாக உப்பியது. மூன்று நாள் மலமும் போகவில்லை, வாயுவும் பிரியவில்லை. வலி மாத்திரையின் வேலை என்று நானே முடிவு கட்டி (சில வலி மாத்திரை மலத்தைக் கட்டும், பொய்யில்லை) உங்கம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வாந்தி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. குடலில் அடைப்பு எதுவும் இல்லை. பெருங்குடல் அசையாமல் நின்றுவிட்டிருந்தது. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ்தான் அக்கியாகத் திரும்ப வருகிறது; அது தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் மட்டுமல்ல, குடல் சுவரின் நரம்புகளிலும் பதுங்கிக் கிடக்குமாம். பட்டினி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ஐந்தாம் நாள் வாயு பிரிந்தது. அந்தச் சத்தத்துக்கு உங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

வலப்பக்க வயிறு இன்னும் லேசாகப் புடைத்திருக்கிறது. குடலிறக்கம் இல்லை. அங்கே தசைக்குப் போகும் நரம்பு சோர்ந்திருக்கிறது. பெரும்பாலும் சில மாதத்தில் தானே சரியாகிவிடும் என்கிறார்கள்.

என் கதைக்காக மட்டும் இதை எழுதவில்லை. நீ மூட்டுவாதத்துக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறாய். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த வைரஸ் அபூர்வமாகக் கல்லீரல், கணையம் வரை பரவிவிடும். அப்போது கடுமையான வயிற்றுவலி முந்திக்கொள்ளும், கொப்புளம் சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும். காரணம் புரியாத வயிற்றுவலி வந்தால், இந்த மருந்து சாப்பிடுவதையும் உனக்கு ஆறு வயதில் சின்னம்மை வந்ததையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல். என்னைப் போலக் காத்திருக்காதே.

உயிருள்ள வைரஸ் இல்லாத அக்கித் தடுப்பூசி இருக்கிறது, இரண்டு தவணை. உனக்கு எப்போது போடலாம் என்று உன் டாக்டரிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுது. இனி நீ "வயிறு எப்படிப்பா?" என்று கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா